அண்ணி உட்கார வேண்டிய வருடம்

எங்கள் மால்சுன் அண்ணிக்குப் பொறாமைப்பட ஆள் கிடைக்காத நாளே கிடையாது. எதிர்வீட்டுக்காரி கிம்ச்சி ஊறுகாய் வைக்கவென்று தனியாக ஒரு குளிர்பெட்டி வாங்கியபோது இரண்டு நாள் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. சந்தையில் பூசணி விற்கிறவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்குக்கூட, "அவளுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் அமையுதோ" என்று நொடித்துக்கொண்டவள். ஐம்பதைத் தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று எங்கள் ஊர் யொஜு முழுக்க உச்சுக் கொட்டியது. அப்போதும், "உனக்கென்ன, மாமியார் இல்லாத மகராசி" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

நான் அவளுடைய நாத்தனார். பெயர் கிசுக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய துணியைப் பிரித்து, அளவு சரிசெய்து தைத்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். மூத்தவர் கிஹ்வான் அண்ணன், நடுவில் நான், கடைசியாகத் தம்பி கித்தே. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் மால்சுன் அண்ணி. எங்கள் பக்கத்தில் மூத்த மருமகளாக வந்தவளின் கதி எல்லாருக்கும் தெரியும். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னோருக்குப் படையல் சமைப்பது முழுக்க அவள் தலையில். ஆண்பிள்ளைகள் காலையில் நல்ல துணி உடுத்தி வந்து விழுந்து கும்பிடுவார்கள். பிறகு சாப்பிடுவார்கள், பிறகு தூங்குவார்கள்.

அண்ணி ஜொங்சொன் மலைப்பக்கத்துப் பெண். அங்கே நெல் விளையாது, உருளைக்கிழங்குதான். வந்த முதல் சூசொக்கில் அரிசி மாவையும் எள்ளுப் பூரணத்தையும் முன்னால் வைத்து, கொழுக்கட்டை பிடி என்றார்கள். அவள் தன் ஊர் வழக்கப்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி, விரல் தடம் பதியப் பிடித்து அடுக்கினாள். எங்கள் ஊரிலோ அது பிறை மாதிரி, விளிம்பு கூராக, மேல்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். அம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, யாராச்சும் மிதிச்சுட்டாங்களா?" என்றாள். கூடியிருந்த அத்தைமார்கள் சிரித்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பெண். அண்ணியின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன்.

மறுவருடம் அவள் பிடித்த கொழுக்கட்டையில் குறை சொல்ல இடமில்லை. குறை சொல்ல இடமில்லாததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக அதே கதைதான். சந்தைக்கு அலைவாள், புது அரிசியை ஊறப்போடுவாள், கொழுக்கட்டைக்கு அடியில் பரப்ப பைன் ஊசியிலை பறித்து வருவாள். தரையில் குந்தி உட்கார்ந்து மீனையும் பூசணியையும் முட்டையில் தோய்த்து, மின்சாரத் தோசைக்கல்லில் கூடை கூடையாகச் சுட்டு எடுப்பாள். அம்மா கூடத்து மெத்தையில் உட்கார்ந்தபடி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்பாள். பண்டிகை முடிந்த மறுநாள் அண்ணி இடுப்பில் மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டு குப்புறப் படுப்பாள். படுத்தபடியே அண்ணனையும் எங்களையும் செத்துப்போன முன்னோரையும் ஒருவர் விடாமல் திட்டுவாள்.

திட்டி முடிந்ததும் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அது மகன் சொங்மின். "இவனுக்கு ஒருத்தி வரட்டும். அன்னிக்கு நான் அந்த மெத்தையில உக்காருவேன். உக்காந்துகிட்டு, உப்பு பத்தலன்னு சொல்லுவேன்" என்பாள். சொங்மின் நடக்கப் பழகுவதற்கு முன்பே இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவன் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், யாரையும் கூட்டி வராமல் இழுத்தடித்தபோதெல்லாம் அவளுக்குத்தான் தவிப்பு. ஒருவழியாகப் போன கோடையில் நாரே என்ற பெண்ணை அழைத்து வந்தான். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிற பெண், சிரித்த முகம். வரும் வசந்தத்தில் கல்யாணம் என்று முடிவானது. அப்படியென்றால் இந்தச் சூசொக்தான் அண்ணி குனிந்து நிற்கும் கடைசிச் சூசொக். அடுத்ததில் அவள் உட்கார வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஹேரிம் வாயைத் திறந்தாள்.

ஹேரிம் என் தம்பி கித்தேயின் மனைவி. அண்ணிக்கு ஓரகத்தி. சியோலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு சூசொக்குக்கும் சமையல் எல்லாம் முடிந்த பிறகு, சாலை நெரிசல் என்று சொல்லிக்கொண்டு ஒரு பழப்பெட்டியோடு வந்து இறங்குவாள். கையுறை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். நன்றாகவே கழுவுவாள், அதை மறுக்க முடியாது. ஆனால் அவள் கழுவும்போது நகப்பூச்சு கலையாமல் இருப்பதை அண்ணி ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அம்மாவின் பிறந்தநாள் விருந்தில் எல்லாரும் கூடியிருந்தபோது ஹேரிம் சொன்னாள்.

"அக்கா, போன வருஷம் நீங்க எழுந்திரிக்க முடியாம கெடந்தது எனக்கு மனசே ஆறல. இந்த வருஷம் வீட்ல படையல் வேண்டாமே. காலையில மாமா கல்லறையில எல்லாரும் கும்பிட்டுட்டு, அப்படியே ஆத்தங்கரையில பாய் விரிச்சு உக்காந்து சாப்பிடுவோம். சாப்பாடு என் பொறுப்பு. நீங்க சும்மா வாங்க, போதும்."

அண்ணி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரே போடாக மறுத்துவிடுவாள் என்று நம்பிக்கையோடு பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நல்லதுதான். அப்படியே செய்யுங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அண்ணன், "ஹேரிமுக்குத்தான் எவ்வளவு அக்கறை" என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மறுநாள் கடை திறந்ததும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா இடுப்பு போகுது, இடுப்பு போகுதுன்னு கத்துறேன். உங்கம்மா காதுல பஞ்சு. அந்தச் சீமாட்டி ஒரு தடவ சொன்னா, உடனே நல்லதுதானாம்."

"நல்லதுதானே அண்ணி. உங்களுக்கு வேலை மிச்சம்."

"எனக்கா மிச்சம்? வரப்போறவளுக்கு மிச்சம். ஒரு வருஷம் நின்னா நின்னதுதான், அப்பறம் எந்தப் படையலும் திரும்பி வராது. இன்னும் ஒரே ஒரு வருஷம். அவளால பொறுத்திருக்க முடியலையா?"

"அவளுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"தெரியாமத்தான் நல்ல பேரு வாங்கிட்டுப் போறா. அதுதான் எனக்கு எரியுது."

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பேசினால் அடுத்த பொறாமை என்மீது திரும்பும். ஆனால் பண்டிகைக்கு முதல் நாள் அவள் மாவு, மீன், பூசணி, தோசைக்கல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு என் கடையின் பின்கட்டுக்கு வந்து நின்றபோது, கதவைத் திறந்துவிடாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் சுட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"நாளைக்கு ஆத்தங்கரையில எல்லாரும் அவ கொண்டு வர்றதத் தின்னுட்டு, ஒருத்தராவது, கொழுக்கட்டை எங்கேன்னு கேப்பாங்க. கேக்கறப்ப எடுத்து வெப்பேன். கேட்டாத்தான் வெப்பேன்."

அன்று என் கடையில் தைக்கக் கிடந்த கால்சட்டைகள் எல்லாம் மீன் மணத்தன. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என் தலையெழுத்து.

சூசொக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. அப்பாவின் கல்லறை ஆற்றைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் போன வாரமே புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். சொங்மின் நாரேயின் வீட்டில் தலைகாட்டிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே ஆற்றங்கரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். ஹேரிம் காரிலிருந்து ஒரு மூங்கில் கூடையை எடுத்தாள். பேரிக்காய், இலந்தை, காய்ந்த மீன், ஒரு புட்டி மதுவோடு, மஞ்சள் மஞ்சளாகப் பழுத்த பீச் பழங்களும் அதில் இருந்தன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சூசொக் சமயத்தில்தான் அது பழுக்கும்.

பீச் பழத்தை முன்னோர் முன்னால் வைக்கவே கூடாது. வைத்தால் வந்த ஆவி பயந்து ஓடிவிடும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். ஹேரிம் தேவாலயத்துக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். அவர்கள் வீட்டில் படையலே கிடையாது. எங்கள் வீட்டிலும் அவள் பார்த்ததெல்லாம் எச்சில் தட்டுகளைத்தான்.

அண்ணி அந்தப் பழங்களைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கழுத்துத் துணியை நிதானமாகச் சரிசெய்துகொண்டு, அம்மாவைக் கைப்பிடித்து முன்வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். எதுவும் மறைக்காமல் தெரியும்படியான இடம் அது.

ஹேரிம் பழங்களை அழகாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். அண்ணனின் முகம் மாறியது. கித்தே, "ஐயோ, இது..." என்று கையை நீட்டினான். அண்ணி மூச்சுக்கூட விடாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"உங்கப்பனுக்கு பீச்சுன்னா உசுரு. தோட்டத்துல நின்னு, முழங்கை வரைக்கும் சாறு வழியத் தின்ன மனுஷன். செத்ததுலேருந்து ஒண்ணுகூட கண்ணுல காட்டல நாம. இருக்கட்டும், வை. பழத்துக்குப் பயந்து ஓடுற ஆளா அவரு?"

சொல்லிவிட்டு ஹேரிமின் முதுகில் வேறு தட்டிக்கொடுத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள். அண்ணி கும்பிட்டு எழுந்தபோது என் காதில் முணுமுணுத்தாள்.

"ஒரு வருஷம் கீரையில மறதியா பூண்டு போட்டுட்டேன். சட்டியோட கொட்டச் சொன்னாங்க. அன்னிக்கு மட்டும் முன்னோரெல்லாம் பூண்டுக்குப் பயந்து ஓடிருவாங்களாம். இன்னிக்கு இவரு பீச்சுக்கு ஓட மாட்டாராம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அம்மா மேல் கோபம் வந்தது.

ஆற்றங்கரையில் கூட்டமான கூட்டம். கூடாரம் அடித்தவர்கள், பட்டம் விடுகிறவர்கள், நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள். நாணல் ஓரமாகப் பாய் விரித்தோம். ஹேரிம் வரிசையாகப் பெட்டிகளைத் திறந்தாள். கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிய கிம்பாப், பொரித்த கோழி, இறைச்சி வறுவல், பாசிபோல் பச்சையாக ஒரு பலகாரம். எல்லாம் கடையில் வாங்கியது. எல்லாம் அழகாக இருந்தது. அம்மா கோழிக்காலைக் கையில் பிடித்துக் கடித்தாள். அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. கித்தே மக்கொல்லி அரிசிக் கள்ளை ஊற்றினான். அண்ணன் சட்டையைத் தளர்த்திக்கொண்டு, "இத்தன வருஷம் இது தெரியாமப் போச்சே" என்றார்.

அண்ணி பாயின் ஓரத்தில், ஒரு கால் புல்லில் இருக்கும்படி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாயாக எண்ணிக்கொண்டிருக்கிறவள் மாதிரி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொழுக்கட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானாவது கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தேன். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் கேட்டால் கணக்கில் சேராது.

வெயில் ஏறியதும் அண்ணன் குடை எடுக்கக் காருக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் குடை, மறு கையில் துணி சுற்றிய பெரிய டப்பா.

"என்ன இது? வேண்டாம்னு சொன்னப்பறம் யாருக்கும் தெரியாம எதுக்கு இத்தனையும் செஞ்ச? அப்பறம் இடுப்பு வலின்னு எங்க உசுர வாங்கறது."

டப்பாவைப் பாயின் நடுவில் வைத்துத் திறந்தார். கொழுக்கட்டைகள் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன. ஹேரிமின் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, உங்க இடுப்புக்காகத்தானே நான் இவ்வளவும் பண்ணேன்."

"என் இடுப்ப உன்ன யாரு கேட்டா?" என்றாள் அண்ணி. மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "என் இடுப்பு, என் அடுப்பு. உனக்கு நல்ல பேரு வாங்க வேற எடமே கெடைக்கலையா?"

"ஏய், என்ன பேச்சு இது" என்றார் அண்ணன்.

"நீங்க பேசாதீங்க. ஒரு பூசணி அரிஞ்சு குடுத்திருக்கீங்களா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "அடுத்த வருஷம் நான் உக்கார வேண்டிய வருஷம். எம் புள்ளைக்கு ஒருத்தி வருவா, அவ நிப்பா, நான் உக்காருவேன்னு எண்ணி எண்ணித்தான் இத்தன வருஷம் நின்னேன். எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் உக்காந்தாங்க. என் மொற வந்ததும் பாயச் சுருட்டி ஆத்தங்கரையில போட்டுட்டா இவ. எல்லாரும் கை தட்டுறீங்க."

பக்கத்துப் பாய்க்காரர்கள் கிம்பாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். கித்தே பட்டம் பார்க்கிற சாக்கில் எழுந்து போனான். அண்ணனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு நெசமாவே தெரியாதுக்கா" என்றாள் ஹேரிம். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அம்மா கோழி எலும்பைக் கீழே வைத்து, விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"மால்சுன், இங்க வா" என்றாள். அண்ணி அசையவில்லை. அம்மா தானே நகர்ந்து அவள் பக்கமாக வந்தாள். "உக்காந்தா என்ன இருக்கும்னு நெனச்ச?"

அண்ணி புல்லில் இருந்த காலை இழுத்துக்கொண்டாள்.

"எம் மாமியார் செத்து, நான் மெத்தையில உக்காந்தேன். நீ குனிஞ்சு நின்ன. மொத வருஷம் ஜோராத்தான் இருந்துச்சு. அப்பறம் உன்னப் பாத்தாலே எரிச்சல். நான் ஊதாங்குழல ஊதி, கண்ணு அவிஞ்சு சுட்டேன். நீ மின்சாரத் தோசைக்கல்லுல சுடற. நான் மாவு இடிச்சேன், நீ மில்லுல அரைச்சுட்டு வர்ற. இவளுக்கு மட்டும் எல்லாம் லேசாக் கெடைக்குதேன்னு வயிறு எரியும். நீ சுட்டதுல எந்த வருஷமும் உப்பு கொறைஞ்சதில்ல. சரியாத்தான் இருக்கும். சரியா இருந்ததுதான் என்னால தாங்க முடியல."

அண்ணி மாமியாரையே பார்த்தாள். இத்தனை வருடமும் அம்மா அவளுடைய கையைக் குறை சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும்.

"அப்ப நான் கத்துறப்பவே நிறுத்தியிருக்கலாமே அத்தை" என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில்.

"எனக்கு யாரு நிறுத்துனா?" என்றாள் அம்மா. "உனக்கு நிறுத்த எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. நிழல் தேடி மறுபடியும் பாயின் நடுவுக்கு நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சொங்மினும் நாரேயும் வந்தார்கள். நடந்தது எதுவும் தெரியாமல் அந்தப் பெண் காலணியைக் கழற்றி, பாயில் மண்டியிட்டு எல்லாரையும் வணங்கினாள். சொங்மின் கொழுக்கட்டையைக் கண்டதும் இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டான். நாரேயும் ஒன்றை எடுத்தாள். மென்றவள் நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"அத்தை, இது நீங்களே புடிச்சதா? எங்க வீட்ல எல்லாம் கடையில வாங்கறதுதான். இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. அடுத்த வருஷம் நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடறேன். கத்துக் குடுங்க. எல்லாத்தையும் நானே செய்யறேன், நீங்க உக்காந்து சொன்னா போதும்."

ஹேரிம் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் குடைக்கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் கண்ணெடுக்காமல் அண்ணியைப் பார்த்தாள். முப்பது வருடமாக அண்ணி எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ, அதை அந்தப் பெண் தானாகவே கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டாள். ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும்.

அண்ணி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாம்மா" என்றாள். "அடுத்த வருஷமும் இங்கதான். வா, சாப்பிடு, போ."

சொல்லிவிட்டு எழுந்து, காலியான டப்பாக்களை அடுக்கிக்கொண்டு கரையோரக் குழாய்க்குப் போனாள். நானும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கையுறை இல்லாமல் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் டப்பாவின் நிறமே போய்விடும் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

"விடுங்க அத்தை, நான் கழுவறேன்."

"போய் உக்காரு" என்றாள் அண்ணி.

"பரவால்ல அத்தை..."

"உக்காருன்னு சொல்றேன்ல. போ."

அந்தப் பெண் தயங்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா தன் பக்கத்தில் இடம் விட்டு, பாயைத் தட்டிக் காட்டினாள். நாரே காலை மடித்து அங்கே உட்கார்ந்தாள். ஹேரிம் அவளுக்கு ஒரு தட்டை நீட்டினாள்.

அண்ணி ஈரக்கையோடு நின்று அதைப் பார்த்தாள். குழாய் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாரு கிசுக்" என்றாள். "நான்தான் போகச் சொன்னேன். நல்ல புள்ள, அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா அவ அங்க உக்காந்திருக்கறதப் பாத்தா, எனக்கு அடிவயிறெல்லாம் எரியுது."